எந்த வெளிச்சத்தில்

"உயிரா, ரப்பரா?" என்றார் ஜபருல்லா பாய்.
தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில்
சைக்கிள் டியூபுக்கும் எலிப்பொறிக்கும் நடுவே
தூண்டில் விற்கிற கடை.
ஞாயிறு, காலை ஐந்தரை.
பாதி ஏறிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்திருந்தோம்
சென்னியப்பனும் நானும்.

அவருக்கு அந்தக் கேள்வியே இல்லை.
தயிர் டப்பாவில் ஈரமண், அதற்குள் நாக்குப்பூச்சி,
நேற்றே வாழைக்கடியில் தோண்டியது.
மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள்.
"அதும் மூச்சு விடோணுமல்லோ" என்கிறார்
இன்னும் ஒரு மணி நேரத்தில் அதை முள்ளில் கோக்கப்போகிறவர்.

நான் சாயப்பட்டறை லேபில்
ஆறு வருஷமாக ஷேடு பார்க்கிறவள்.
பெட்டிக்குள் இரண்டு துணித்துண்டை வைத்துப்
பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு மஞ்சள் விளக்கு
மாற்றி மாற்றிப் போட்டு
ஒன்றில் ஒட்டியது இன்னொன்றில் பிரிகிறதா
என்று சொல்லத்தான் சம்பளம்.
என் முன்னால் இப்போது ஜிக் தொங்கும் அட்டை:
ஈயத் தலை, ரப்பர் வால், சுண்டுவிரல் நகத்தளவு.
கிளிப்பச்சை இருந்தது, பஞ்சுமிட்டாய் ரோஸ் இருந்தது,
புகை படிந்த மாதிரி ஒரு வெள்ளை.
அப்புறம் ஒரு சிவப்பு.
போன மாசம் டென்மார்க்காரன் திருப்பியனுப்பிய
நாலாயிரம் பீஸின் அதே சிவப்பு.

"எதுங்க பாய் எடுக்கும்?"
"ட்யூப்லைட்டுக்கு அடியில எல்லாமே எடுக்கும்மா.
மீனா வந்து வாங்குது?"

சிவப்பையே வாங்கினேன்.

தடுப்பணையில் தண்ணீர் பால் குறைந்த டீ.
மேலே எங்கோ மழை.
ஜிக்கை மெல்ல இறக்கிப் பார்த்தேன்:
ஒரு சாணில் செங்கல்,
முழங்கை ஆழத்தில் காப்பிக்கொட்டை,
அதற்கும் கீழே வெறும் கறுப்பு.
தண்ணீரில் முதலில் சாவது சிவப்புதான்.
அந்த நாலாயிரம் பீஸையும்
நாலடி ஆழத்தில் விற்றிருந்தால்
யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பக்கம் அவர் புழு கோக்கிறார்.
அது முள்ளையே சுற்றி இறுக்கிக்கொள்கிறது,
தப்பிக்கப் பிடிக்கிற கொம்பு போல.
மிதவை முங்கியது. கெளுத்தி.
மறுபடி முங்கியது. கெளுத்தி.
அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார்;
உயிர் இரைக்கு ஆள் தேவையில்லை,
அது தானாக நெளியும்.

என் ரப்பருக்கோ உயிர்
மணிக்கட்டிலிருந்து போகவேண்டும்.
இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம்.
நாற்பது முறை வீசினேன்.
கரண்டைக்கால் வரை சேறு.
வேலிக்காத்தான் கிளையில் ஒரு ஜிக் போயிற்று,
நல்லவேளை, அது பாய் இனாமாகத் தந்த வெள்ளை.

எட்டரைக்கு, சுண்டும்போது அல்ல,
கொசு அடிக்கக் கையை நிறுத்தியபோது
நரம்பு பக்கவாட்டில் நடந்தது.

ஜிலேபி. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிசு.
உதட்டில் என் சிவப்பு, வால் ஓரத்தில் அதன் சிவப்பு.
வெயிலில் தூக்கிப் பிடித்து
பழக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன்.
பாஸ் ஆகாது. இது மஞ்சளில் சாய்கிறது.

சென்னியப்பன் எழுந்து வந்தார்.
பேசாமல் ஒரு புழுவைப் பாதியாகக் கிள்ளி
என் ஜிக்கின் முனையில் செருகினார்.
"ரெண்டும் இருக்கட்டும் புள்ள."

அதற்குப் பிறகு ஆறு.
வண்டியில் வரும்போது, குண்டடம் தாண்டும்வரை
அந்த ஆறும் யார் கணக்கு என்று சண்டை.
புழுவுக்கு வந்ததா, ஆட்டத்துக்கு வந்ததா,
மீனைக் கேட்கமுடியாது; அது மிளகாய்த்தூளில் ஊறப்போகிறது.
மிஞ்சிய புழுக்களை வாழைக்கடியிலேயே கொட்டினார்.
விடுதலை இல்லை, அடுத்த ஞாயிறு வரைக்கும் ஸ்டாக்.

திங்கள் காலை வெளிச்சப் பெட்டிக்குள் கையை நீட்டினேன்.
நகத்துக்கடியில் ஒரு செதில்.
பகல் விளக்கில் வெள்ளி.
கடை விளக்கில் ஈயம்.
மஞ்சளைப் போட்டேன்,
எந்தக் கார்டிலும் இல்லாத ஒரு நிறம்
ஓரமாக நெளிந்தது.

"என்னம்மா, அரை மணி நேரமாப் பாக்கறே?" என்றார் மேனேஜர்.

மேட்ச் ஆகலீங்க, என்றேன்.